கறைக்காரர் வீட்டுப் புள்ளி

அந்த மனுஷனால் ஒரு இடத்தில் ஒழுங்காக உட்கார முடிந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சலவைக் கடையில் கறை எடுக்கிற வேலை அவருக்கு. கடைக்கு வருகிற துணியெல்லாம் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். மை, எண்ணெய், காப்பி, லிப்ஸ்டிக் என்று எது எங்கே பட்டிருக்கிறது என விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அதற்கான மருந்தைத் தொட்டு ஒற்றி எடுத்த பிறகுதான் துணி மெஷினுக்குள் போகும். கறை என்றால் அவருக்கு ஜென்மப் பகை. ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், காயவிட்டால் அது நூலுக்குள் குடித்தனம் வைத்துவிடும் என்பார். கடையில் எல்லோருக்கும் அவர் கறைக்காரர்தான். கோபம் வந்தால் கட்டின பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்தப் புத்தியைக் கடையோடு பூட்டிவிட்டு வருவாரா என்றால், அதுதான் இல்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளின் சட்டையில் காப்பி சிந்திவிட்டால் போதும், இவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். "ஒரு நிமிஷம் சார், தேய்க்காதீங்க, தேய்ச்சா பரவிடும்" என்று கைக்குட்டையோடு பாய்ந்துவிடுவார். அந்த ஆள் பர்ஸைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குவார். பெண்டாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல உட்கார்ந்திருப்பாள்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் புள்ளி பிறந்தாள். வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் படத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள், அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. பிறக்கும்போதே உணவுக்குழாய் பாதியில் நின்றுபோயிருந்தது. பிறந்த கையோடு ஆபரேஷன், பிறகு இன்னொன்று. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை வயிற்றுக்குள் விட்டு, கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். பால் அந்தக் குழாயில்தான் போகும். ஊசி போடுகிற சிரிஞ்சில் பாலை ஏற்றி உயரப் பிடித்தால் அது தானாக இறங்கும். முதல் பிறந்தநாள் வந்து போனது, பிள்ளை நடக்கவும் ஆரம்பித்துவிட்டது, ஆனால் பால் மட்டும் இன்னும் அப்படியேதான் இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே எல்லாம் ஆறிவிட்டது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். வாயால் சாப்பிடுவதற்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் புள்ளி வாயைத் திறந்தால்தானே? ஸ்பூனைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். கிட்டே கொண்டுபோனால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். இன்னும் கிட்டே போனால் தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுவாள். அழும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்காலேயே அழுகிற பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பெற்றவர்கள் பார்த்தார்கள்.

"மூக்குல இவ்வளவு நாள் குழாயை வெச்சிருக்கக் கூடாது" என்றார் டாக்டர். "அடுத்த தடவை வரும்போதும் இதே மாதிரின்னா, வயித்துல சின்னதா ஒரு துளை போட்டு அங்கேயே குழாய் வெச்சிடலாம். பயப்படற விஷயம் இல்ல, நிறைய பிள்ளைங்க அதோட ஓடியாடி விளையாடுது. ஆனா ஒண்ணு, அதுக்குள்ள அவளாவே ஒரு துளியை எடுத்து வாயில வெச்சுட்டாள்னா, நாம இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம்."

இன்னொரு ஆபரேஷன், இன்னொரு தடவை அந்தக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். போன இரண்டு தடவை நின்றதே கறைக்காரருக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவராக வீட்டுக்குள்ளேயே நடந்தார். ஒரு துளி, ஒரே ஒரு துளி!

டாக்டர் கைகாட்டி அனுப்பிய இடத்தில் ஒரு பெண் இருந்தாள். சாப்பாட்டு விஷயத்தில் தகராறு பண்ணுகிற பிள்ளைகளுக்கென்றே பயிற்சி கொடுக்கிறவள். அறை முழுக்கப் பொம்மையும் தட்டும் பிளாஸ்டிக் விரிப்புமாக இருந்ததால் எல்லோரும் அவளை விளையாட்டு டீச்சர் என்றார்கள். அவள் புள்ளியைத் தொடவேயில்லை. தரையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கிண்ணத்தில் சோள மாவையும் தண்ணீரையும் குழைத்துக்கொண்டே பேசினாள்.

"இது சாப்பாடு இல்ல சார், விளையாட்டு. ஆனா தப்பித் தவறி வாய்க்குள்ள போனாலும் ஒண்ணும் ஆகாது. சோள மாவு, தயிர், நல்லா மசிச்ச வாழைப்பழம், கலருக்கு பீட்ரூட் வேக வெச்ச தண்ணி, கேரட் மசியல். கட்டி இருக்கக் கூடாது, கெட்டியா எதுவும் கூடாது, நீங்க பக்கத்தை விட்டு நகரக் கூடாது. முதல்ல கால்ல படட்டும், அப்புறம் கை, வயிறு. அவ மனசு வந்தா முகத்துக்குப் போகட்டும்."

"சரி மேடம். எப்ப ஊட்டணும்?"

"ஊட்டவே கூடாது."

"அப்புறம் எப்படி மேடம்..."

"அவ வாய் அவளோடது சார். இது வரைக்கும் அந்த வாயை எல்லாரும் கேக்காமலே எடுத்துக்கிட்டோம். கொஞ்ச நாள் அவகிட்டயே குடுத்துடலாம்."

கறைக்காரர் தலையாட்டினார். பாதி புரிந்தது. ஆனால் அந்த அறையில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. மற்ற அம்மாக்களெல்லாம் இந்த விளையாட்டை எதற்குக் கேட்டு வந்திருந்தார்கள் தெரியுமா? தங்கள் பிள்ளைகள் கண்டதையும் வாயில் போடுகின்றனவாம்! களிமண்ணைத் தின்கிறான், கலர் பென்சிலைக் கடிக்கிறான் என்று ஆளாளுக்குப் புலம்பல். கறைக்காரர் வீட்டு மாடியில் இருக்கிற அக்காவும் அதே கோஷ்டிதான். அவள் பையன் ஒரு காலுறையைப் பாதிவரை விழுங்கிவிட்டு வாலை ஆட்டுவதுபோல மீதியை ஆட்டிக்கொண்டு நின்றானாம். மாடிப்படியில் வைத்து அவள் அதைச் சொல்லி அழுதபோது இவருக்குப் பொறாமை பொங்கியது. "கொடுத்து வெச்சவங்கக்கா நீங்க" என்று சொல்லியேவிட்டார். அதற்குப் பிறகு அந்த அக்கா இவரைக் கண்டால் ஒரு படி விலகியே இறங்கினாள்.

பெண்டாட்டிக்கு பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர், விடியற்காலை ஷிப்ட். இவருக்குக் கடை மத்தியானத்துக்கு மேல். ஆக, காலையெல்லாம் அப்பாவும் பொண்ணும்தான். கூடத்தில் நாற்காலியையெல்லாம் சுவர் ஓரம் தள்ளி, மழைக்குக் கட்டுகிற பழைய பிளாஸ்டிக் திரையை விரித்து, நடுவில் அகலமான தாம்பாளத்தை வைப்பார். மாவைக் கரண்டியால் கலக்குவார். பிடித்தால் கட்டியாக நிற்கும், விட்டால் கூழாக ஓடும். அந்தச் சோள மாவுக் குழைவு புள்ளிக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. ஒரு விரலை வைப்பாள், அழுத்துவாள், அது வழிவதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்து அப்பாவை நோக்கி நீட்டுவாள். அப்பா தோளில் தயாராகத் தொங்கும் துண்டால் பளிச்சென்று துடைப்பார். மறுபடி ஒரு விரல், மறுபடி நீட்டல், மறுபடி துடைப்பு.

"எவ்வளவு சுத்தமான பொண்ணு பாரு!" என்று பெண்டாட்டியிடம் சொல்லும்போது அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. "ஒரு துளி கையில நிக்கக் கூடாது அவளுக்கு. அப்படியே அப்பன்!"

"அதைத்தான் நானும் பாக்கறேன்" என்றாள் அவள். குரலில் மகிழ்ச்சி இல்லை. மறுநாள் லீவு போட்டு, கதவோரம் நின்று போனில் அதையெல்லாம் படம் பிடித்தாள். பிடித்ததைக் கொண்டுபோய் டீச்சரிடம் காட்டினாள். கறைக்காரரும் கூடவே போனார், பாராட்டு கிடைக்கும் என்று.

டீச்சர் முழுசாகப் பார்த்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "சார், இவ விளையாடல. உங்களுக்கு வேலை குடுக்கறா."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"கையில ஏதாவது பட்டா அதை உடனே எடுத்தாகணும்னு கத்துக்கிட்டா. கையிலயே நிக்க விடாதது வாய்க்கு எப்படி சார் போகும்? இன்னொண்ணு. முகத்துக்கிட்ட துணி வந்தா அவளுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? பிளாஸ்திரியைப் பிரிக்கப் போறாங்கன்னு அர்த்தம்."

கறைக்காரர் ஆடிப்போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே மேசையில் இருந்த ஒரு தண்ணீர்த் துளியை அதால் துடைத்தார். பெண்டாட்டி அதைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

அன்றே வீட்டிலிருந்த துண்டு, கைக்குட்டை, கரித்துணி, டிஷ்யூ டப்பா எல்லாவற்றையும் மூட்டை கட்டி மாடி அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அப்புறம் என்ன, மனுஷன் திரைச்சீலையில் கை வைத்தார். பனியன் நுனியை இழுத்துக்கொண்டு பிள்ளையிடம் குனிந்தார். "கறைக்காரரே!" என்று பெண்டாட்டி லீவில் இருக்கிற நாளில் சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும், கை அப்படியே நின்றுவிடும். கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்தார். புள்ளி கையை நீட்டுவாள். இவர் உட்கார்ந்திருப்பார். அவள் இன்னும் கொஞ்சம் நீட்டுவாள். இவருக்குக் கை நமநமக்கும், மரத்துப்போகும், நெற்றியில் வேர்க்கும். "அப்படியே இருக்கட்டும்டா கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்பார். சொல்கிற குரலே நம்பாத குரல். புள்ளி அவரையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பிப்பாள். உள்ளதும் போயிற்று. அதுவரை ஒரு விரலாவது வைத்தவள், இப்போது தாம்பாளத்தைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

டாக்டரிடம் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மனுஷன் கண்கொத்திப் பாம்பாகப் பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தூக்கத்தில் உதட்டை அசைத்தால்கூட எழுந்து உட்கார்ந்தார். கேரட் போட்டுப் பார்த்தார், வாழைப்பழம் போட்டுப் பார்த்தார், பிஸ்கட்டை மாவாகப் பொடித்து மணல்போலக் கொட்டிப் பார்த்தார். புள்ளி அந்த மணலில் காலை வைத்து நடந்துபோய் ஜன்னலண்டை நின்றுகொண்டாள்.

கடையிலும் கவனம் ஓடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண் அவசர அவசரமாக வந்து ஒரு கோட்டை மேசையில் போட்டாள். நல்ல சாம்பல் நிறக் கோட்டு. "நாளைக்கு இன்டர்வியூ. எங்க வீட்டு ராட்சசன் தோள்ல பூசி வெச்சிருக்கான், எப்படியாவது எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். கறைக்காரர் விளக்கை இழுத்துப் பார்த்தார். இடது தோளில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு இழுப்பு. மோந்து பார்த்தார். மசித்த கேரட். சின்ன வாய், திறந்த வாய், தின்றுகொண்டே அம்மா தோளில் சாய்ந்து தேய்த்திருக்கிறது. அந்த வாயின் அகலம்கூடக் கறையில் தெரிந்தது.

மருந்துப் பாட்டிலைத் திறந்தார். மூடினார். இன்னும் ஈரம் காயவில்லை, இப்போதே எடுத்தால் சுலபம். அவரால் முடியவில்லை. கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றே இருந்தார்.

"யோவ் கறை, என்னய்யா அதையே மொறச்சிக்கிட்டு நிக்கறே? காஞ்சிடப் போவுது" என்றார் முதலாளி.

"எடுக்கறேன் முதலாளி."

"என்ன கறை அது, போகாதா?"

"போகும். பிள்ளை சாப்பிட்ட கறை." இவ்வளவுதான் சொன்னார். கையில் இருந்த கோட்டை மேசையில் வைத்துவிட்டார். முதலாளி வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள்தான், ஆனால் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் விளக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தக் கோட்டைத் தானே சுத்தம் செய்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின காலை பெண்டாட்டி லீவு. கறைக்காரர் விடிந்ததிலிருந்து சமையலறைக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். தயிரில் பீட்ரூட் தண்ணீரை விட்டுக் கரண்டியால் கலக்கினார். இது வெளுப்பு என்று இன்னும் கொஞ்சம் விட்டார், இது அடர்த்தி என்று தயிரைச் சேர்த்தார். பெண்டாட்டி சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "இத்தனை நாள்ல நீங்க அதைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

"என்ன பேச்சு இது? கலக்கறதே நான்தானே!"

"கரண்டியால கலக்கறீங்க. கையால?"

மனுஷன் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார்.

"சரி, வாயில வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா வெக்கணும்?"

"அவ எதுக்குங்க வெக்கணும்?"

கரண்டி நின்றது. அவள் வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவரைத் தோளைப் பிடித்து மழைத் திரையின் நடுவில் உட்காரவைத்தாள். புள்ளி ஜன்னலண்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு கை தயிரை அள்ளினாள், அவர் வெள்ளைப் பனியனின் நட்டநடுவில் சப்பென்று அப்பினாள்.

"ஐயய்யோ, பீட்ரூட்டுடீ! பனியன்ல!"

"இருக்கட்டும்."

"காஞ்சா போகாதுடீ!"

"போக வேண்டாம்."

கறைக்காரரின் இரண்டு கையும் தாமாகவே மேலே எழுந்தன. எழுந்த கையை அவர் எப்படிக் கீழே இறக்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும். குளிர்ச்சியாக ஒரு கோடு வயிற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் தத்தக்கா புத்தக்கா என்று ஒரு காலடி வந்தது. புள்ளி வந்து எதிரில் நின்றாள். பனியனைப் பார்த்தாள். யாரும் துடைக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் துடைக்கவில்லை. மெதுவாக ஒரு விரலை அந்தச் சிவப்பில் வைத்தாள், எடுத்தாள். கையை நீட்டவில்லை. அந்த விரலை அப்பாவின் கன்னத்தில் தேய்த்தாள்.

கன்னம், மூக்கு, நெற்றி, காது. அள்ளி அள்ளிப் பூசினாள். இமையில் ஒரு சொட்டு நின்று அரித்தது. தாடையிலிருந்து ஒன்று சொட்டுவேனா மாட்டேனா என்று தொங்கியது. மனுஷன் தவித்த தவிப்பைச் சொல்லி மாளாது. பிறகு அவள் அவர் உதட்டில் விரலை வைத்தாள். ஒரு கணம் யோசித்தார். வாயைத் திறந்து, விரலில் இருந்ததை உள்ளே வாங்கிக்கொண்டார். புளிப்பும் மண் வாசனையும் லேசான இனிப்புமாக இருந்தது. இதையா இத்தனை நாள் கலக்கிக் கலக்கி வைத்தோம் என்று அவருக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் முழுங்கினார்.

புள்ளி தன் விரலைப் பார்த்தாள். சிவப்பைக் காணோம். குனிந்து அவர் வாயைப் பார்த்தாள்.

"போயிடுச்சு" என்றார். "பாரு, ஆ!" நாக்கை நீட்டி, வாயை அகலத் திறந்து காட்டினார். புள்ளி தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இன்னொரு விரல் வைத்தாள், அதுவும் போயிற்று. "ஆ!" இன்னொன்று. "ஆ!" இது நல்ல வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள், உதடு மட்டும் மூடியே இருந்தது. பிறகு மறுபடி பனியனில் விரலை வைத்தாள், தூக்கினாள், பாதி வழியில் நிறுத்தினாள்.

கறைக்காரர் மூச்சு விடவில்லை. விரல் அவர் பக்கம் வரவில்லை. அவளுடைய மூக்கைத் தொட்டது, குழாயைத் தாண்டிக் கீழே இறங்கியது, உதட்டோரம் நின்றது. உள்ளே போயிற்று.

உடனே முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. தோளைக் குலுக்கி ஓங்கரித்தாள். "ஐயோ!" என்று எழப்போனவரைப் பெண்டாட்டி தோளில் அழுத்தி உட்காரவைத்தாள். "இருங்க, இருங்க, அவ பாத்துக்குவா" என்றாள் அழுகையை அடக்கிக்கொண்டு. புள்ளி ஒரு தரம் இருமினாள். தொண்டை ஏறி இறங்கியது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஸ்பூனுக்கும் அம்மாவின் முத்தத்துக்கும்கூடத் திறக்காத வாயை, இதோ பார் போயிடுச்சு என்று காட்டுவதற்காக அகலத் திறந்தாள்.

"ஆ."

கறைக்காரர் எட்டிப் பார்த்தார். சிவந்த நாக்கு, முன்பக்கத்துச் சின்னப் பற்கள். அதற்கும் பின்னால், உள்ளே ஓரத்தில் என்னவோ வெள்ளையாகத் தெரிந்தது. இன்னும் குனிந்தார்.

"ஏய்! இங்க வா, இங்க வந்து பாரு! கடைவாய்ப் பல்லு!"

"எங்க?"

"அந்தக் கோடியில பாரு! இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்குடீ!"

பெண்டாட்டி மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் முழுசாக முளைத்து நின்றன, இன்று நேற்று வந்தவை அல்ல. "எப்பங்க முளைச்சுது இது?" என்றாள். அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளை விடிய விடிய அழுத ராத்திரிகளிலெல்லாம் இரண்டு பேரும் குழாயைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அழுகையில் எது பல்லுக்காக அழுதது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முகமெல்லாம் பீட்ரூட் வழிய, கறைக்காரர் அந்தப் பற்களையே பார்த்துக்கொண்டு அழுதார். இன்னும் யாராவது பார்ப்பார்களா என்று புள்ளி வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.